ஸ்டெபிலைசர் என்னும் காவல் தெய்வம்

ஃபிரிட்ஜைத் தேர்ந்தெடுத்தாயிற்று, பில் போடப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் கேட்பார்: "சார், ஸ்டெபிலைசரும் சேத்துப் போட்டுடவா?" வேண்டாம் என்று சொல்ல நம்மில் பலருக்குத் தைரியம் வராது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஒரு பெட்டி வாங்கக் கணக்குப் பார்த்து, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் யார் பேச்சு வாங்குவது? சுவரில் பெட்டி ஏறுகிறது, பச்சை விளக்கு எரிகிறது. ஊர் எல்லையில் அய்யனார் குதிரை மேல் இருக்கிறார் என்ற நிம்மதியில் கிராமம் தூங்குவதுபோல வீடும் தூங்கப் போகிறது.

அய்யனார் விஷயத்தில் நான் தலையிடவில்லை. ஸ்டெபிலைசரைக் காவலுக்கு வைத்திருப்பதாக நினைக்கிறோமே, அதுதான் தவறு. அது காவல் வேலைக்குச் செய்யப்பட்ட பொருளே இல்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிய ரகசியம் ஏதுமில்லை. ஒரு ஆட்டோ டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து பிரியும் சில இணைப்புகள், அவற்றை மாற்றிமாற்றிச் சேர்க்கும் இரண்டு மூன்று ரிலேக்கள், உள்ளே வரும் வோல்டேஜை அளந்து பார்க்கும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அவ்வளவுதான். வோல்டேஜ் 170க்கு இறங்கினால் ஒரு ரிலே சடக்கென்று மாறி 220 பக்கம் ஏற்றிவிடும். 260க்குப் போனால் இன்னொன்று மாறி இறக்கும். சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவே விளக்குப் போடும்போது மெல்ல இறங்கி, இரவு பதினோரு மணிக்கு மெல்ல ஏறுகிற வோல்டேஜுக்கு இது சரியான மருந்து. அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் நம் வீட்டு சாமான்கள் பெரும்பாலும் சாவது இந்த மெல்லிய ஏற்ற இறக்கத்தால் அல்ல. சித்திரை மாதக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி விழுகிறதே, அப்போது நடப்பது வேறு. மின்னல் நம் வீட்டு மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. கொஞ்ச தூரத்தில் விழுந்தாலே போதும், கம்பியில் சில ஆயிரம் வோல்ட் ஓடி வந்துவிடும். இப்படிப்பட்ட அதிர்வைப் பரிசோதனைக்கூடத்தில் உண்டாக்கிப் பார்ப்பதற்கு உலகமெங்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: ஒரு நொடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால், 1.2 கூறுக்குள் உச்சிக்கு ஏறி, 50 கூறுக்குள் பாதியாக இறங்கும் அலை அது. ஸ்டெபிலைசரின் ரிலே மாறுவதற்கோ நொடியில் நூறில் ஒரு பங்காவது வேண்டும். அளந்து பார்த்து முடிவெடுக்கும் நேரம் தனி. ரிலே அசைவதற்கு முன்பே எல்லாம் முடிந்து, டிவி மதர்போர்டிலிருந்து கருகல் வாடை வந்துவிடும். ஆட்டோ டிரான்ஸ்பார்மரில் உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் ஒரே கம்பிச் சுருள்தான் என்பதால், இடையில் தடுப்பதற்கும் எதுவும் கிடையாது. சில நல்ல தயாரிப்புகளில் திடீர் வோல்டேஜை உறிஞ்சும் வாரிஸ்டர் என்ற சின்ன உறுப்பு இருக்கும். இருந்தாலும் அதை நம்பிப் பெரிய இடியைச் சந்திக்க முடியாது.

சில சமயம் காவல்காரரே கை வைப்பதும் உண்டு. 170 வோல்டை 220 ஆக்கும் நிலையில் பெட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று லைன் 240க்குத் தாவுகிறது. ரிலே திரும்பி மாறும் வரைக்கும் உங்கள் ஃபிரிட்ஜுக்குப் போவது 310 வோல்ட். கண் இமைக்கும் நேரம்தான், மோட்டார் தாங்கிக்கொள்ளும். ஆனால் பழைய பெட்டியில் ரிலே முனைகள் பொறி பட்டுப்பட்டு உருகி ஒட்டிக்கொண்டுவிட்டால், அந்த 310 கண் இமைக்கும் நேரத்தோடு நிற்காது.

இடியைவிட மோசமான எதிரி நியூட்ரல் கட். தெருவில் மரக்கிளை விழுந்தோ, கம்பத்தில் ஜம்பர் என்னும் இணைப்புக் கம்பி துருப்பிடித்தோ நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், 230க்குப் பதிலாக இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலுள்ள 400 வோல்டை இரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். அந்தப் பங்கில் நியாயம் கிடையாது. ஒரு வீட்டில் 1000 வாட் ஹீட்டர் ஓடுகிறது, இன்னொரு வீட்டில் 100 வாட் குண்டு பல்பு மட்டும் எரிகிறது என்றால், ஹீட்டர் வீட்டுக்கு ஏறக்குறைய 36 வோல்டும் பல்பு வீட்டுக்கு 364 வோல்டும் போகும். சிக்கனமாக ஒரு லைட்டும் ஒரு டிவியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் வீட்டில்தான் எல்லாம் புகையும். நல்ல ஸ்டெபிலைசர் இதைப் பார்த்ததும் வெளியே போகும் கரண்டைத் துண்டிக்கும், சரி. அதில் தப்பிப்பது ஃபிரிட்ஜ் மட்டும். ஃபேன், எல்.இ.டி. பல்பு, வைஃபை மோடம், செல்போன் சார்ஜர், வாட்டர் பியூரிஃபையர் இவற்றுக்கெல்லாம் யார் பொறுப்பு?

"எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கே" என்பார்கள். எம்.சி.பி. வோல்டேஜைப் பார்ப்பதில்லை, அது பார்ப்பது ஆம்பியரை. ஷார்ட் ஆனாலோ அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தாலோ விழும். 364 வோல்ட் உள்ளே வந்து ஏதாவது ஒன்று வெடித்து ஷார்ட் ஆன பிறகு வேண்டுமானால் விழும். கரண்ட் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி.யும் மனித உயிரைக் காக்க வந்தது, டிவியைக் காக்க அல்ல. அதைக் கட்டாயம் போடத்தான் வேண்டும். ஆனால் அதன் பெயரில் இந்த நிம்மதியை ஏற்றக் கூடாது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதைதான். சென்னையில் செய்த சாலிடேர், டயனோரா டிவிகள் கூடத்தில் வீற்றிருந்த காலத்தில், வோல்டேஜ் இறங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்கும், கோடு ஓடும். ஸ்டெபிலைசர் அன்றைக்கு ஆடம்பரமல்ல, அவசியம். கொச்சியில் 1977இல் தொடங்கிய வி-கார்டு, ஸ்டெபிலைசரை வைத்தே பெரிய நிறுவனமாக வளர்ந்ததென்றால் அந்தத் தேவை உண்மையாக இருந்ததால்தான். ஆனால் டிவி மாறிவிட்டது. இன்றைய எல்.இ.டி. டிவியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். லேப்டாப் அடாப்டரும் போன் சார்ஜரும் அதே ஜாதி. அவை வோல்டேஜை உள்ளேயே மாற்றித் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்பவை. அவற்றுக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வைப்பது, சும்மா முனகிக்கொண்டு கொஞ்சம் யூனிட்டைத் தின்னும் ஒரு பெட்டிக்கு இடம் கொடுப்பது. இன்வெர்ட்டர் ஏ.சி.களில் பலவும் இப்படித்தான் அகலமான வோல்டேஜைத் தாங்கும். எத்தனையிலிருந்து எத்தனை வரை என்று கையேட்டில் இருக்கும். கடைக்காரர் அதைப் படித்துக்காட்ட மாட்டார்.

பழைய வகை கம்ப்ரஸர் கதை வேறு. அங்கே ஸ்டெபிலைசருக்கு நான் எதிரியல்ல. மோட்டாரின் சுழற்று விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 80 சதவீதமானால் விசை 64 சதவீதமாகிவிடும். கிளம்ப முடியாமல் உறுமி, சூடேறிக் காயில் கருகும். 160, 170 வோல்டில் நாள்முழுக்கத் தவிக்கும் ஊரில் அப்படிப்பட்ட ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் அங்கேயும் கம்ப்ரஸரை அதிகம் காப்பாற்றுவது வோல்டேஜை ஏற்றும் பகுதியல்ல, கரண்ட் போய் வந்ததும் சுமார் மூன்று நிமிடம் பொறுக்க வைக்கும் டைமர்தான். உள்ளே வாயு அழுத்தம் சமமாவதற்குள் மோட்டாரைக் கிளப்புவதுதான் கொலை. அந்த மூன்று நிமிடத்தைக் கையால் ஸ்விட்சை அணைத்துக்கூடக் கொடுக்கலாம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். லைன் வோல்டேஜ் 170 ஆக இருக்கும்போது ஒரு 1000 வாட் சாமான் நேரடியாக ஓடினால், அது கம்பியிலிருந்து இழுப்பது ஏறக்குறைய 3.2 ஆம்பியர். அதே சாமானுக்கு ஸ்டெபிலைசர் போட்டு 230 கொடுத்தால் லைனிலிருந்து இழுப்பது 5.9 ஆம்பியர். ஏற்கெனவே பாரம் தாங்காமல் தொங்கும் கம்பியில் இன்னும் பாரம். விளைவு, அடுத்த வீட்டுக்கு 165. அவரும் ஒரு பெட்டி வாங்குகிறார். அதற்கடுத்த வீட்டுக்கு 160. கடைசிக் கம்பத்து வீட்டில் டியூப் லைட் பற்றாது. த்ரீ ஃபேஸ் வீடுகளில் நடக்கும் 'ஃபேஸ் மாத்துற' வித்தையும் இதே லட்சணம்தான். நல்ல ஃபேஸ் எது என்று பார்த்து மொத்தத் தெருவும் அதில் போய் உட்கார்ந்தால் அரை மணியில் அதுவும் கெட்ட ஃபேஸாகிவிடும். என் வீட்டுப் பச்சை விளக்கு அடுத்தவர் வீட்டு வோல்டேஜில் எரிகிறது.

சரி, வேறு எதைப் போடுவது? மெயின் போர்டில் எஸ்.பி.டி. என்ற சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று. உள்ளே துத்தநாக ஆக்சைடால் ஆன வாரிஸ்டர் இருக்கும். 230இல் சும்மா இருக்கும், ஆயிரக்கணக்கில் வோல்ட் வந்தால் கண நேரத்தில் வழி திறந்து எர்த்துக்கு இறக்கிவிடும். ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் தேயும், ஆயுள் முடிந்ததும் அதன் ஜன்னல் நிறம் மாறும், அப்போது மாற்ற வேண்டும். அதன் பக்கத்திலேயே ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒன்று. நியூட்ரல் கட் ஆகும் நாளில் வீடு முழுவதையும் துண்டித்து, சரியான பிறகு தானே சேர்த்துவிடும். வீட்டிலுள்ள இரண்டு மூன்று ஸ்டெபிலைசர்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால் இவை இரண்டும் எட்டாத விலையல்ல. ஆனால் சுவரில் தொங்கி எண் காட்டாதே! விருந்தாளி பார்த்து என்ன கம்பெனி என்று கேட்கவும் மாட்டார்.

எர்த் இல்லாவிட்டால் எஸ்.பி.டி.யால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊரில் அதிகம் ஏமாற்றப்படுவது எர்த்தான். வீடு கட்டும்போது கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்துப் பைப் இறக்குவார்கள், பிறகு அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டுவார்கள். பிளக்கில் மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கும் மூன்றாவது பின் முதலில் உள்ளே போய் எர்த்தைத் தொடவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. அதை வெட்டிவிட்டு டூ பின்னில் சொருகுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எர்த் எப்படிப் போடவேண்டும் என்று ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர விதி 1966லிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை எலெக்ட்ரீஷியனிடம் கேட்கும் வீட்டுக்காரர் எத்தனை பேர்?

இடி விஷயத்தில் பாட்டிமார் சொன்னதுதான் இன்றைக்கும் சரி: "ஒயரைப் பிடுங்கு." ஸ்விட்சை அணைத்தால் போதாது. அது ஃபேஸை மட்டும் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியும் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஒரு பொருட்டல்ல. பிளக்கோடு கேபிள் ஒயரையும் டிஷ் ஒயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். மொட்டைமாடி வழியாக செட்டாப் பாக்ஸுக்குள் இறங்கி, எச்.டி.எம்.ஐ. வழியே டிவிக்குள் போகும் அடியை எந்த ஸ்டெபிலைசரும் வழியில் சந்திப்பதே இல்லை. இடி பக்கத்தில் வருவதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள், தலைக்கு மேல் வெட்டும்போது ஒயரைத் தொட வேண்டாம்.

இத்தனையும் நம் வீட்டு வாசலுக்கு உள்ளே. வாசலுக்கு வெளியே சரியான வோல்டேஜ் கொடுப்பது ஈ.பி.யின் கடமை. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே வீட்டு இணைப்பில் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்றன. 230க்குக் கணக்குப் போட்டால் அது 216 முதல் 244 வரை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் கொண்டுவந்த செயல்திறன் விதிமுறைகள், வோல்டேஜ் புகாரை எத்தனை காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று கெடு வைத்திருக்கின்றன. 170 வோல்ட் வந்தால் அது வானிலை அல்ல, விதிமீறல். புது டிரான்ஸ்பார்மர் வைக்கலாம், கம்பியைத் தடிமனாக்கலாம், ஃபேஸ்களுக்குப் பாரத்தைச் சமமாகப் பிரிக்கலாம். தெருவில் நாற்பது வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் பெட்டி வாங்கி மாட்டிக்கொண்டால் மனு எழுத ஆள் இருக்காது, பிரிவு அலுவலகத்துக்கும் தொல்லை இருக்காது.

மனு எழுதுவதானால் "அடிக்கடி லோ வோல்டேஜ் வருகிறது" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எலெக்ட்ரீஷியனிடமிருந்து ஒரு மல்டிமீட்டர் வாங்கி, ஒரு வாரம் காலை, மாலை, இரவு அளந்து, தேதி, நேரம், எத்தனை வோல்ட், எந்தக் கம்பத்து வீடு என்று அட்டவணை போட்டு, தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2021இல் தொடங்கிய மின் புகார் மையமான மின்னகத்திலும் பதிந்து புகார் எண் வாங்கி வையுங்கள். கெடு தாண்டினால் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அங்கே முதலில் கேட்பது அந்த எண்ணையும் ரசீதையும்தான்.