நிறையாத தொட்டி

"இருவது வருசமாச்சுங்க, எங்க செப்டிக் டேங்க்குக்கு ஒருக்காக்கூட லாரி வந்ததில்லீங்க." எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். கேட்பவரும் மெச்சித் தலையாட்டுவார். அன்னூர், சூலூர், பல்லடம் எங்கே போனாலும் நிறையாத டேங்க்தான் நல்ல டேங்க் என்பது வேதவாக்கு. என்னைக் கேட்டால், 20 வருடம் நிறையாத டேங்க் ஒரு டேங்க்கே இல்லை. நாம் குடிக்கும் நிலத்தடி நீரில் நாமே போட்ட ஓட்டை அது.

5 பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 500 லிட்டர் தண்ணீராவது சாதாரணமாகச் செலவாகும். முறையாகக் கட்டிய தொட்டி சில நாட்களிலேயே நிரம்பும். பிறகு எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். அடியில் கசடு தங்கும், மேலே ஆடை மிதக்கும், நடுவிலுள்ள தெளிந்த நீர் எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவு வெளியேறும். 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரன் 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்ததே, மூடிய, நீர் கசியாத ஒரு தொட்டிக்குத்தான். நம் ஊரில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தொட்டியை விட்டுவிட்டோம்.

நான் வீடு கட்டும்போது மேஸ்திரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அடியில காங்கிரீட் போடாதீங்க. போட்டீங்கன்னா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லாரி கூப்புடோணும். நாலு உறைய எறக்கி உட்டா மண்ணு பாத்துக்குமுங்க." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குப் பணம் மிச்சமாகட்டும் என்றுதான் சொன்னார். ஊரே சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

மண் பார்த்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை. அந்தப் பாதியைத்தான் நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்வது மேல்மண். காற்றும் வேரும் நுண்ணுயிரும் இருக்கும் முதல் இரண்டு, மூன்று அடி. அதனால்தான் முறையான அமைப்பில், தொட்டியிலிருந்து வரும் நீரைத் துளையிட்ட குழாய் வழியாக ஜல்லி நிரப்பிய கால்வாயில் பரவ விடுகிறார்கள். நம் நாட்டுத் தர விதி ஐ.எஸ். 2470 அந்தக் கசிவுக் கால்வாய்க்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் ஆழம்தான் சொல்கிறது. ஆழம் குறைவு, நீளம் அதிகம். நாம் செய்வது நேர் எதிர்: 12 அடி, 15 அடி தோண்டி, வேலை செய்யும் மண்ணைத் தாண்டிக் கீழே கொண்டுபோய் விடுகிறோம். அங்கே சுக்கான்பாறை. அதற்கும் கீழே கருங்கல் பாறை. பாறை வெடிப்பில் இறங்கும் நீரை எதுவும் வடிகட்டுவதில்லை. நம் போர்க் குழாய் உறிஞ்சுவதும் அதே வெடிப்பிலிருந்துதான்.

எந்த மண் எவ்வளவு குடிக்கும் என்று பார்ப்பது கஷ்டமான வேலையும் இல்லை. கடப்பாரை, ஒரு குடம் தண்ணீர், ஓர் இரவு போதும். என் சைட்டின் கரிசல் பக்கத்தில் ஒரு சாண் அகலத்தில் குழி போட்டு, அடியில் கொஞ்சம் மணல் கொட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிறுத்தி ஊற வைத்தேன். விடிந்ததும் மறுபடி ஊற்றி, ஸ்கேலைக் குத்திவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் நீர் ஓர் அங்குலம் இறங்கவில்லை. அப்படிப்பட்ட மண்ணில் கழிவுநீரை விடாதே, வேறு வடிகட்டி அமை என்கிறது விதி. சித்திரையில் அதே கரிசல் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும், ஊற்றியதையெல்லாம் விழுங்கும். அது சுத்திகரிப்பு ஆகாது. ஐப்பசி மழையில் மண் வீங்கி வாயை மூடிக்கொண்டதும் அத்தனையும் வாசலுக்கு வரும்.

அடுத்தது இடம். கழிவுநீரை மண்ணில் விடும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர், அதாவது 59 அடி வேண்டும். இன்று கோவையைச் சுற்றி விற்பது 3 செண்ட் சைட். 30 அடிக்கு 43 அடி என்று வைத்துக்கொண்டால், மூலைக்கு மூலை குறுக்கே அளந்தாலும் 53 அடி வராது. அதற்குள் வாஸ்து பார்த்து ஈசானியத்தில் போர், வாயு மூலையில் டேங்க். நம் டேங்க்குக்கு நம் போரைவிடப் பக்கத்து வீட்டுப் போர் கிட்டத்தில் இருப்பதும் உண்டு.

இந்த நெருக்கம் என்ன செய்யும்? 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவி 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு தோண்டிப் பார்த்தால், 40-ஆம் எண் வீட்டுக் கழிவுக்குழியின் செங்கல் சுவர் இற்றுப்போய், மூன்றடிக்குள் இருந்த, அந்தத் தெருவே குடித்த கிணற்றுக்குள் கசிந்திருந்தது. அங்கே சுவர் தானாக இற்றது. நாம் கூலி கொடுத்து ஓட்டையோடு கட்டுகிறோம்.

"குடிக்கறது சிறுவாணித் தண்ணிதானுங்களே" என்பார்கள். சிறுவாணி, பில்லூர் அணைகளின் குழாய்த் தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் எட்டவில்லை. எட்டிய தெருவிலும் தண்ணீர் வராத நாளில் பாத்திரம் கழுவுவதும் பல் விளக்குவதும் போர்த் தண்ணீரில்தான். கழிவில் உள்ள நைட்ரஜன், நிலத்தில் இறங்கும்போது நைட்ரேட்டாக மாறுகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலந்து கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும்.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. தண்ணீர் கசிந்து போனாலும் கசடு போவதில்லை. 20 வருடக் கசடு கெட்டிப்பட்டு லாரிக் குழாய்க்கு மசியாது. அப்போது ஒரு மனிதனை இறங்கச் சொல்கிறோம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் அவனை இறக்குகிற எவரும் குற்றவாளி, வீட்டுக்காரர் உட்பட. இப்படி இறங்கிச் சாவோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. லாரிக்குக் கொடுக்காமல் நாம் மிச்சம் பிடித்த காசுக்கு ஒருவர் உயிரைக் கொடுக்கிறார்.

வழி இருக்கிறது. மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளில் 2015-லேயே அரசு கசடு அகற்றுவதைத் திட்டமாக எடுத்துக்கொண்டு, பிறகு லாரி கொண்டுவரும் கசடைச் சுத்திகரிக்க நிலையமும் அமைத்தது. ஓடையில் கொட்டும் லாரிக்கு அபராதம் போடுங்கள், கொட்ட முறையான இடமும் கொடுங்கள். 3 செண்டாகக் கூறு போட்டு விற்பவர்கள், பூங்காவுக்கு இடம் விடுவதுபோலப் பொதுச் சுத்திகரிப்புக்கும் இடம் விட்டாக வேண்டும். தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. அவர்கள் மண்ணைச் சோதித்து, கிணற்றை விட்டுத் தள்ளி, ஆழமில்லாத கசிவுக் கால்வாய் போடலாம். எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான்: அடிக்கும் காங்கிரீட் போட்ட தொட்டி, 2, 3 வருடத்துக்கு ஒரு முறை லாரி.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டேங்க் பூச்சு காய்ந்ததும் வெளியேறும் குழாய்க்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் ஊற விட்டு, குறைந்ததை மறுபடி நிரப்புங்கள். நீர்மட்டத்தில் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு மூடிவிட்டு வாருங்கள். மறுநாள் திறந்து பாருங்கள். கோட்டிலிருந்து தண்ணீர் இறங்கியிருந்தால், சரிசெய்து கொடுக்கும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.