லாரிப் புகைக்கு ஆலைப் புகை சாக்கல்ல

வடசென்னையின் காற்றைக் கெடுப்பவை ஆலைகள்தாம், வாகனங்களை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற வாதம் பரவலாக உள்ளது. மணலி சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர் வட்டாரத்தின் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களும் கண்முன் நிற்பதால் இது எளிதில் நம்பப்படுகிறது. ஆலைகளின் பங்கு பெரிது என்பது உண்மை. பிழை, அதிலிருந்து எடுக்கும் முடிவில் இருக்கிறது.

அனல்மின் நிலையப் புகை இருநூறு மீட்டருக்கும் மேலிருந்து வெளியேறி, பரவி நீர்த்த பிறகே தரைக்கு வருகிறது. ராயபுரம் முதல் எண்ணூர் விரைவுச்சாலை நெடுகத் துறைமுக வாயிலுக்காக வரிசையில் நிற்கும் டிரெய்லர் லாரிகளின் புகையோ, நடந்து போகிறவர் மூச்சு விடும் உயரத்திலேயே கலக்கிறது. டன் கணக்கில் மட்டும் ஒப்பிடுவோர் இதைப் பார்ப்பதில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது.

ஆலைகள் இருக்கும்வரை பயனில்லை என்பதற்கு லாங் பீச் பதில் சொல்கிறது. கலிபோர்னியாவின் அந்தத் துறைமுக நகரை ஒட்டியும் சுத்திகரிப்பு ஆலைகள் உண்டு. அவை இயங்கிக்கொண்டிருக்கும்போதே, 2008 முதல் பழைய லாரிகள் துறைமுகத்துக்குள் வருவது படிப்படியாகத் தடுக்கப்பட்டது. லாங் பீச் உட்பட ஐந்து ஊர்களின் பிள்ளைகளை ஆராய்ந்ததில், நுரையீரல் திறன் மிகக் குறைந்த 15 வயதினர் 1998இல் 7.9 விழுக்காடு, 2011இல் 3.6. முழுப் பெருமையும் லாரித் தடைக்குச் சேராது. எனினும் அந்த ஆண்டுகளில் காற்றைத் தெளிவாக்கிய நடவடிக்கைகளில் வாகனப் புகைக் கட்டுப்பாடு முதன்மையானது.

கடற்காற்று எல்லாவற்றையும் அடித்துச் சென்றுவிடும் என்பதும் பொய்யான ஆறுதல். பகலில் அது கடலிலிருந்து நிலம் நோக்கி வீசுகிறது. விரைவுச்சாலையின் புகையைத் திருவொற்றியூர் வீடுகளுக்குள்தான் கொண்டு சேர்க்கும்.

பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகனப் புகை விதி வந்துவிட்டதே என்பார்கள். 2020 ஏப்ரலில் வந்த அந்த விதி புதிய வண்டிகளுக்கு மட்டுமே. கந்தகம் குறைந்த டீசல் எல்லா லாரிக்கும் கிடைத்தது. துகள் வடிகட்டி பழைய லாரிக்குக் கிடைக்கவில்லை.

பழைய லாரிக்குப் பதிலாக வரும் மின்வண்டி, தனக்கு மின்சாரம் தரும் அனல்மின் நிலையம் வழியே புகையை எண்ணூருக்கு இடம் மாற்றுகிறது என்ற வாதம் மட்டும் கவனத்துக்குரியது, எண்ணூரும் வடசென்னைதான் என்பதால். ஆனால் தமிழ்நாட்டின் மின்சாரத்தில் காற்றாலைக்கும் சூரிய ஒளிக்கும் கணிசமான பங்குண்டு. எஞ்சிய நிலக்கரிப் புகையையும் சாம்பலையும் கட்டுப்படுத்தக் கேட்பது கூடுதல் கோரிக்கை; லாரிப் புகையைச் சகித்துக்கொள்ளக் காரணமல்ல.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. அடுத்து மாற வேண்டியவை துறைமுக லாரிகள்.