அடுத்த நாவல் எப்ப நானா?



எழுத்தாளர்களின் முகநூல் பக்கங்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவர் பெருநாள் வாழ்த்துப் போட்டாலும் கீழே ஒரு கொமென்ட் வரும்: "அடுத்த நாவல் எப்ப நானா?" பெண் எழுத்தாளர் என்றால், "ராத்தா, இன்னும் எழுதி முடியல்லையா?" காய்ச்சல் என்று எழுதினாலும் ஷிபாவுக்கான துஆவோடு சேர்த்து அதே கேள்வி.

கேட்பதில் பிழையில்லை. பிடித்த எழுத்துக்காக ஏங்குவது நல்ல வாசகரின் குணம். ஆனால் அந்த அடுத்த நாவல் வருவதற்கு வாசகராக நாம் செய்ய வேண்டிய பங்கு ஒன்று இருக்கிறது. அதை நம் ஊர்களில் நாம் செய்வதில்லை என்பதுதான் என் கருத்து. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் காலத்தைப் பற்றி. நாவல் என்பது தவணைப் பரீட்சை வினாத்தாள் போலத் திகதி குறித்துக் கொடுக்கிற காரியமில்லை. அருந்ததி ராயின் முதல் நாவல் 1997இல் வந்து புக்கர் பரிசும் பெற்றது. இரண்டாவது நாவல் 2017இல்தான் வந்தது. இருபது வருடங்கள். இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. அணைக்கட்டு, அணுகுண்டு, காஷ்மீர் என்று கட்டுரைகளாக எழுதிக்கொண்டிருந்தார்.

'கேம் ஒப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் மூலக் கதையை எழுதிய ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினை எடுங்கள். ஐந்தாம் புத்தகம் 2011இல் வந்தது. தொலைக்காட்சித் தொடரே 2019இல் முடிந்துவிட்டது. ஆறாம் புத்தகத்துக்காக வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். முடிக்க முதல் மனுசன் மௌத்தாகிவிடுவாரோ என்று அவர் காதில் விழவே பேசுகிறார்கள். அவர் அதற்காகக் கோபப்பட்டும் இருக்கிறார். கோபம் நியாயமானது. ஒரு புத்தகத்துக்குக் காசு கொடுத்தவர் அந்தப் புத்தகத்தை வாங்கினார், அவ்வளவுதான். எழுதியவரின் மீதி ஆயுளை வாங்கவில்லை.

எங்கள் நாட்டுக்கு வருவோம். ஷெஹான் கருணாதிலக 2022இல் புக்கர் பரிசு வென்றபோது எல்லோரும் பெருமையோடு பகிர்ந்தோம். அவருடைய முதல் நாவல் 'சைனாமேன்' வந்தது 2010இல். கையெழுத்துப் பிரதியாக இருந்தபோதே கிரேஷியன் விருது பெற்றிருந்தும், அதை முதலில் அவர் சொந்தமாகத்தான் பதிப்பித்தார். விளம்பரத் துறையில் வேலை செய்துகொண்டு எழுதியவர். அடுத்த நாவல் 2020இல் இந்தியாவில் ஒரு பெயரில் வந்தது. வந்த பிறகும் அதைத் திருத்தி எழுதினார். அந்தத் திருத்திய வடிவம்தான் 2022இல் வேறு பெயரில் இங்கிலாந்தில் வெளிவந்து பரிசு வென்றது. அச்சான புத்தகத்தையே மீண்டும் திருத்த ஒருவருக்குப் பொறுமை வேண்டும். காத்திருந்த வாசகருக்கும் அதன் பலன் கிடைத்தது.

தமிழில் முஸ்லிம் வாழ்க்கையை எழுதியவர்களைப் பாருங்கள். தோப்பில் முஹம்மது மீரான் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டு எழுதினார். 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதற்கடுத்த நாவலான 'அஞ்சுவண்ணம் தெரு' 2008இல் வந்தது. பதினொரு வருடங்கள். 2019இல் அவர் வபாத்தானார். இனி அவரிடம் "எப்ப?" என்று கேட்க முடியாது. இருக்கும் புத்தகங்களை வாசிக்கலாம், அவ்வளவுதான். அதையாவது எத்தனை பேர் செய்திருக்கிறோம்?

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது, 'மனாமியங்கள்' 2016இல். சல்மா என்பதே புனைபெயர். எழுதுவது வீட்டுக்குத் தெரிந்தால் பிரச்சினை என்ற நிலையில் வைத்துக்கொண்ட பெயர். ஆண் எழுத்தாளருக்கு நேரம் கிடைத்தால் எழுதலாம். பெண்ணுக்கு நேரமும் வேண்டும், அனுமதியும் வேண்டும். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறவரிடம் "ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்று கேட்பது எவ்வளவு லேசு!

இப்போது எங்கள் ஊர் நிலவரம். இங்கே தமிழில் ஒரு நாவல் எப்படி வெளிவருகிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுதுகிறவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஓர் அரச உத்தியோகத்தர், அல்லது வீட்டில் இருக்கும் ஒரு சகோதரி. 300 அல்லது 500 பிரதி அச்சிட அவரே காசு தேட வேண்டும். சீட்டுக் காசு, சில வேளை மனைவியின் நகை. கடதாசி விலை தெரியும்தானே. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாடு இது.

பிறகு வெளியீட்டு விழா. கிராஅத், வரவேற்புரை, பொன்னாடை, முதற்பிரதி பெறும் தனவந்தர், நான்கு பேரின் நயவுரை. அன்று மண்டபத்தில் கொஞ்சம் புத்தகம் போகும். அதற்குப் பிறகு மீதிப் பிரதிகள் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். கண்டவர் எல்லாம், "எனக்கு ஒரு கொப்பி வைக்கல்லையா?" என்பார். இலவசமாகத்தான். 1,000 ரூபாவுக்கு புரியாணி பார்சல் வாங்கும்போது நாம் கடைக்காரரிடம் அப்படிக் கேட்பதில்லை.

இலவசப் பிரதியாவது கேட்டு வாங்கியது. வட்ஸ்அப் குழுக்களில் பிடிஎப் சுற்றுவது அதைவிட மோசம். கஷ்டப்பட்டு ஒருவர் வெளியிட்ட நாவலை முழுதாக ஸ்கேன் பண்ணி, "வாசித்துப் பயன்பெறுங்கள்" என்று அனுப்புகிறோம். உழைத்தவரின் கூலியைப் பற்றி ஜும்ஆவில் குத்பா கேட்டுவிட்டு வருகிற நாம், எழுதியவரின் கூலியை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு அதே குழுவில் கேட்கிறோம்: "இவர் அடுத்ததாக ஒன்றும் எழுதவில்லையா?" முதல் புத்தகத்தின் அச்சுக் கடன் தீராதவர் இரண்டாவதை எந்தக் காசில் போடுவார்?

காசை விடவும் கனமான ஒன்று இருக்கிறது: ஊர்ப் பேச்சு. நம் ஊர் மனிதரைக் கொண்டு ஒரு நாவல் வந்தால், "இது ஆருட குடும்பம்?" என்று ஆள் தேடத் தொடங்குகிறோம். சீதனம் பற்றி எழுதினால் இன்னார் வீடு, பள்ளிவாசல் நிர்வாகம் பற்றி எழுதினால் இன்ன தலைவர். புத்தகத்தைத் திறக்காதவரே முதலில் கோபப்படுவார். எழுதியவரின் வாப்பாவிடம் போய் முறையிடுவார்கள், பெண் என்றால் கணவரிடம். இப்படி ஒரு முறை பட்டவர் அடுத்த கதையை எழுதினாலும் அலுமாரிக்குள்தான் வைப்பார். நாம் காத்திருக்கும் நாவல்களில் சில ஏற்கெனவே எழுதி முடிந்து அப்படிப் பூட்டிக் கிடக்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் நாவல் நமக்குப் புதிய பொருளா? இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதியவர் நம் அறிஞர் சித்திலெவ்வை. 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. தமிழில் முதல் நாவல் அச்சாகி ஆறே வருடங்களில் நம்மவர் ஒருவர் எழுதிவிட்டார். நாமறிய அவருடைய நாவல் அது ஒன்றுதான். 1898இல் வபாத்தாகும் வரை முஸ்லிம் நேசன் பத்திரிகை, பாடசாலைகள், கல்விக்கான அலைச்சல் என்று அவர் காலம் போனது. சமூகம் செய்ய வேண்டிய வேலையை ஒருவரே தலையில் சுமந்தால் இரண்டாவது நாவலுக்கு எங்கே நேரம்? அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பாடசாலைகளால்தான் இன்று நாம் வாசிக்கிறோம். ஆனால் 140 வருடங்களுக்குப் பிறகும் எழுதுகிறவரை நாம் அதே தனிமையில் விட்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம்.

ஊர் எழுத்தாளர் ஒருவர் புத்தகம் போடப்போகிறார் என்றால், அச்சுக்குப் போக முதலே ஐம்பது பேர் பெயர் கொடுத்துக் காசைக் கட்டுங்கள். அவருடைய பயத்தில் பாதி அதோடு தீரும்.

பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைக்கு நினைவுச் சின்னம், நுழைவாயில் என்று செலவழிக்கிறார்கள். அதில் ஒரு பங்கை நூலகத்துக்கு ஒதுக்கி, இலங்கை எழுத்தாளர்களின் புத்தகங்களை விலை கொடுத்து வாங்கிக் கொடுங்கள்.

பிடிஎப் வந்தால் மற்றவருக்கு அனுப்பாதீர்கள். புத்தகம் எங்கே கிடைக்கும் என்ற விபரத்தை அனுப்புங்கள்.

பிடிக்காத நாவல் வந்தால் வாசித்துவிட்டு எழுத்தில் மறுப்புச் சொல்லுங்கள். வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குவோம். உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பலர் பாடத்திட்டத்தில் உள்ள நாவலையே வினா விடைக் கையேட்டில்தான் படிக்கிறார்கள். கையேட்டில் சுருக்கம் மட்டும் படித்த பிள்ளைக்கு எந்த எழுத்தாளருக்காகவும் காத்திருக்கத் தோன்றாது. முழு நாவலை ஒரு தடவை வாசித்து முடித்த பிள்ளைதான், "இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் சேர்?" என்று கேட்கும்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரின் பக்கத்தில் கொமென்ட் போடும்போது, அவருடைய போன நாவலைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். எந்தப் பாத்திரம் மனதில் நின்றது, எந்த இடத்தில் உடன்படவில்லை என்று எழுதுங்கள். தன் புத்தகத்தை ஒருவர் உண்மையாக வாசித்திருக்கிறார் என்று தெரிவதைவிட எழுதுகிறவருக்குப் பெரிய உற்சாகம் கிடையாது. அதை எழுதிய பிறகு, "அடுத்தது எப்ப நானா?" என்று தாராளமாகக் கேளுங்கள்.