புகையைத் தின்னும் பாக்டீரியா உப்பூருக்கு உதவுமா?

வெயில் பட்டால் எலக்ட்ரான் தரும் மின்முனை. அதில் ஒட்டி வாழும் பாக்டீரியா. அந்த எலக்ட்ரானை வாங்கி, கார்பன் டை ஆக்சைடை அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது பாக்டீரியா. வினிகரில் புளிக்கிற அதே சரக்குதான். 2015-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் பெய்டாங் யாங் குழு, நானோ கம்பிகளில் ‘ஸ்போரோமூசா ஓவாட்டா’ பாக்டீரியாவை வளர்த்து இதைச் செய்து காட்டியது.

சூப்பர்! அப்படின்னா நிலக்கரியை எரிச்சுக்கிட்டே இருக்கலாமா?

கணக்குப் பார்த்துடலாம். உப்பூரில் திட்டமிடப்பட்ட அனல்மின் நிலையம் 1,600 மெகாவாட். விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். 2021-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அது முழுத் திறனில் ஓடினால் மணிக்குச் சுமார் 1,400 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். தூத்துக்குடியில் ஒரு சோடா ஆலை, பாக்டீரியா இல்லாமல் ரசாயன முறையில் பிடிப்பதாகச் சொன்னது ஆண்டுக்கு 60,000 டன். உப்பூரின் இரண்டு நாள் புகைக்குக்கூட அது காணாது.

இன்னொரு சிக்கல், ஆற்றல். நிலக்கரி எரிந்தபோது கிடைத்ததைவிட, அந்தப் புகையை அசிட்டிக் அமிலமாக்க அதிக ஆற்றல் வேண்டும். அவ்வளவு வெயில் கையில் இருந்தால் நேரடியாக மின்சாரம் எடுப்பதுதானே புத்திசாலித்தனம்? இதே ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இருக்கிறது.

பாக்டீரியாவுக்கும் வேலை உண்டு. சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே கார்பன் டை ஆக்சைடு வரும். சூரிய மின்சாரத்துக்கு மாறினாலும் அது நிற்காது. அரியலூருக்கு இந்த ஆராய்ச்சி தேவை. உப்பூரில் புதுப் புகைபோக்கி எழுப்ப இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது.