மூட்டை கட்டுமுன்

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடுத்த தெருவில் கில்ட் தையல் வகுப்பு ஒன்று ஆரம்பமாகிறதாம். வருகிற வாரம் முதற் பாடம். "என்னென்ன சாமான்கள் எடுத்துப் போக வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் சாய்வாக, இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "காலஞ்சென்ற என் தாயாரின் புடவைகள் நாலு பெட்டியில் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் போகலாமா?"

முதற் கேள்விக்கு விடை கூறுவது சுலபம். ஓரத்தில் சாய்வாக எழுதியதுதான் மெய்யான கேள்வி என்று நமக்குப் படுகிறது. ஆகவே அதற்குச் சுருக்கமாக முன்னாலேயே பதில் சொல்லிவிடுகிறோம்: முதல் வகுப்புக்கு வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

கில்ட் என்ற பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே மெத்தென்று ஏதேனும் ஒன்று. மூன்றும் நழுவாதபடி ஊடுருவிச் செல்லும் தையல். இவ்வளவேதான். மேல் துணியைச் சிறு சிறு துண்டுகளை இணைத்து ஆக்கினால் அழகு கூடுகிறது. நம் வீடுகளில் பிள்ளை பிறக்குமுன்பே பாட்டிமார் பழம்புடவையை நாலாக மடித்து, ஓரத்திலும் குறுக்கிலும் நூலோட்டித் தயாராக வைப்பதில்லையா? அதுவும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். அதற்கு வகுப்பும் கிடையாது, சர்ட்டிபிகேட்டும் கிடையாது.

வங்காளத்துப் பெண்கள் இதையே ஒரு பெருங்கலையாக வளர்த்திருக்கிறார்கள். கிழிந்த புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே வர்ண நூலை உருவி, பூவும் தேரும் யானையுமாகத் தைத்தார்கள். காந்தா என்பது அதன் பெயர். வடமொழிக் கந்தாவும் நம்முடைய கந்தையும் அதே சொல்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1941-இல் காலமான குருசதய் தத்தர் கிராமம் கிராமமாகச் சேகரித்த காந்தாக்களைக் கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த பொருட்காட்சிச் சாலையில் வைத்தார்கள். கந்தை என்று நாம் வாசலில் எறிந்துவிடுவதை அவர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்! கர்நாடகத்தில் வடகன்னட ஜில்லாக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், இன்றும் பழந்துணியில் 'கவந்தி' என்னும் போர்வை தைக்கிறார்கள்.

இங்கிலாந்திலே லீவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் ஓர் ஒட்டுப் போர்வை இருக்கிறது. 1708-ஐ ஒட்டித் தைத்ததாகச் சொல்லுகிறார்கள். அந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டு வேலைகளில் அது ஒன்று. அதிலுள்ள துண்டுகள் எந்தத் துணி தெரியுமா? நம் தேசத்துச் சீட்டித் துணி! சோழமண்டலக் கரையிலிருந்தும் மற்றத் துறைகளிலிருந்தும் சீட்டி கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தங்கள் நெசவாளரைக் காப்பாற்ற வேண்டுமென்று, 1721-இல் அத்தகைய துணியை உடுத்துவதையும் வீட்டில் உபயோகிப்பதையுங்கூடச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1774-இல்தான் அந்தத் தடை நீங்கிற்று. தடுக்கப்பட்ட துணியின் சிறு துண்டையும் எறிய மனமில்லாமல் சேர்த்துவைத்துத் தைத்த சீமைப் பெண்மணிகளிடம் நமக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டாகத்தான் செய்கிறது. ஆகையால், இது மேல்நாட்டுப் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று யாராவது முகத்தைச் சுளித்தால், சகோதரி தாராளமாகப் பதில் சொல்லலாம்.

ஆனால் வேறொரு ஆட்சேபம் நியாயமானது. சித்திரை மாதத்தில் பாரன்ஹீட் 105 டிகிரியைத் தாண்டும் வேலூர்ச் சீமையில் பஞ்சடைத்த போர்வையை யார் போர்த்துக்கொள்வது? இதற்கு வழி இருக்கிறது. வங்காளிகள் நடுவே பஞ்சே வைப்பதில்லை. புடவை மேல் புடவைதான். வகுப்பில் நடுத்துணி கொண்டுவரச் சொன்னால், பழைய பிளானல் துணியோ நைந்த மெல்லிய பருத்திப் போர்வையோ போதும். வீட்டில் இலவம்பஞ்சு இருக்கிறதே என்று மட்டும் பொட்டலம் கட்டிவிட வேண்டாம். தலையணைக்கு அது உத்தமமானது, கில்டுக்கு உதவாது. அதன் இழை குட்டையானது, வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. இரண்டு தரம் துவைத்தால் மூலையில் போய்க் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும்.

இனி மூட்டையைக் கட்டுவோம். முதலில் துணி. முழுப் பருத்தியாக இருக்கட்டும். பட்டும் நைலானும் வழுக்கும், புதுக் கைக்கு அடங்கா. பழைய சட்டை, தலையணை உறை, தாவணித் துணி இவற்றில் நாலைந்து நிறம் போதும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சல்லடையாகத் தெரியும் இடத்தை ஒதுக்கிவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் தனித்தனியே தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரத் துணியின் மேல் வெள்ளைக் கந்தை ஒன்றை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தச் சாயப் பரீட்சையை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு கதை உண்டு. நாம் முதன்முதல் கில்ட் கற்கப் போன நாளில், நம் தாயார் உடுத்தியிருந்த சிவப்புச் சுங்குடிப் புடவையைப் பெருமையாக எடுத்துப் போனோம். இழைக்கு நேராக வெட்ட வேண்டும் என்பது அன்று நமக்குத் தெரியாது, சாய்வில் வெட்டிவிட்டோம். துண்டுகள் ரப்பரைப்போல் இழுபட்டன. சதுரங்கள் எல்லாம் கோணிக்கொண்டன. எப்படியோ வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து முடித்து, ஆசையோடு நனைத்தால், வெள்ளையெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. புடவையும் இல்லை, கில்டும் இல்லை. அந்தத் துண்டுகளை எறியவும் மனம் வராமல் இன்னும் ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறோம்.

முதல் பாடத்துக்கு ஐந்து அங்குலச் சதுரம் ஒன்பது இருந்தால் போதுமானது. மூன்றுக்கு மூன்றாக, கால் அங்குலம் உள்ளே விட்டு இணைத்தால், பதினான்கு அங்குலச் சதுரம் கிடைக்கும். ஒரு திண்டு உறைக்கு அது தாராளம். அடித்துணி பதினாறு அங்குலமாக இருக்கட்டும். இந்தக் கால் அங்குலத்தை அற்பமாக நினைக்கக் கூடாது. பெரிய போர்வையில் ஒரு வரிசைக்குப் பத்துச் சதுரம் என்றால் ஒன்பது மூட்டுகள். தச்சர்கள் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை 'ஒரு நூல்' என்பார்கள். ஒவ்வொரு மூட்டிலும் பக்கத்துக்கு ஒரு நூல் தவறினால், வரிசையின் முடிவில் இரண்டேகால் அங்குலம் காணாமற் போயிருக்கும்! ஆகவே மர அளவுகோல் ஒன்றும், காலண்டர் அட்டையில் திருத்தமாக வெட்டிய ஐந்தங்குலச் சதுரம் ஒன்றும் அவசியம். அடையாளம் போடச் சாக்குக்கட்டி வாங்கினாலும் சரி. தேய்ந்துபோன சோப்புச் சில்லு இன்னும் நல்லது. நனைத்தால் சுவடு தெரியாது.

ஊசி விஷயத்தில் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. தோல் பதனிடும் ஊர்கள் அவை. ஆம்பூர் பாதரட்சைத் தொழிற்சாலைகளில் எத்தனையோ பெண்கள் தைத்துச் சம்பாதிக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் 'நல்ல ஊசி' தோல் ஊசியாக இருந்துவிடலாம். அதன் நுனி முப்பட்டையாக, கத்திபோல் கூராக இருக்கும். தோலை வெட்டிக்கொண்டு நுழைவதற்கென்றே செய்தது. பருத்தியில் அதை ஓட்டினால் இழையை அறுத்துவிடும். விரலால் உருட்டிப் பார்த்து உருண்டையானதையே எடுத்துக்கொள்ளுங்கள். கில்டுக்கு நீள ஊசியைவிடக் குட்டை ஊசி மேல். கடையில் 'பிட்வீன்' என்று கேட்க வேண்டும். எண் ஏறஏற ஊசி மெலியும். ஆரம்பத்துக்கு எட்டாம் எண்ணோ ஒன்பதோ சரியாயிருக்கும்.

தோலை இப்படிக் கண்டித்தோமே தவிர, அதனால் ஓர் உபகாரமும் உண்டு. மூன்று மடிப்புத் துணியில் ஊசியைத் தள்ளித் தள்ளி நடுவிரல் புண்ணாகும். உலோக அங்குஸ்தான் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. விரல் வேர்த்துக் கழன்றுவிடும். மெல்லிய ஆட்டுத் தோல் துண்டில் விரலளவுக்கு ஓர் உறை தைத்துக்கொண்டால் பரம சுகம். அந்தத் துண்டுக்கு உங்கள் ஊரிலா பஞ்சம்?

நூலும் பருத்தி நூலே. ஊசியில் கோக்கும்போது ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாகக் கோத்தால் அடிக்கடி கோக்க வேண்டாம் என்று ஆசை காட்டும், பிறகு முடிச்சு விழுந்து அரை மணியைத் தின்னும். கத்தரிக்கோல் இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று துணிக்கு மட்டும். அதில் ஒரு நாடா கட்டி வையுங்கள். வீட்டில் யாரும் அதைக்கொண்டு காகிதமோ பால் பாக்கெட்டோ வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். (சொன்னாலும் வெட்டுவார்கள். ஆகையால் வகுப்புக்குப் போகுமுன் ஒருதரம் சாணை பிடித்துவிடுவது நல்லது.) குண்டூசி ஒரு டப்பா, மூன்று துணியையும் சேர்த்துப் பிடிக்கச் 'சேப்டி பின்' இருபது. அவற்றைப் பெருங்காய டப்பாவில் போடாதீர்கள், துணியெல்லாம் மணக்கும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதை மறந்து போனால் பாக்கிச் சாமான்களால் பிரயோஜனமில்லை.

வாங்க வேண்டாத சாமான்களும் உண்டு. சக்கரம்போல் உருளும் கத்தி, அதற்கடியில் போடும் பச்சைப் பாய், கண்ணாடி போன்ற அளவுகோல், துண்டு துண்டாகக் கட்டி விலை போட்ட சீமைத் துணி, இவற்றைப் பார்த்தால் கை பரபரக்கத்தான் செய்யும். 2019-இல் சென்னையிலேயே கில்ட் திருவிழா ஒன்று நடந்தது. அன்று முதல் மோகம் இன்னும் அதிகமாயிருக்கிறது. மூன்று பாடம் கழித்தும் ஆசை தணியாவிட்டால் அப்போது வாங்கலாம். தையல் மெஷின் வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே ஆசிரியையிடம் கேட்டுவிட வேண்டும். வேண்டுமென்றால், மெஷினைத் தூக்கிப் போய், மிதியையும் பாபினையும் வீட்டில் வைத்துவிட்டு நிற்கக் கூடாது.

இப்போது புடவைக்கு வருவோம். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். நீக்ரோ அடிமைகளின் சந்ததியார் வாழும் ஏழை ஊர். அங்கே மிஸ்ஸூரி பெட்வே என்னும் மாது, கணவர் இறந்தபின், 1942-இல், அவர் வயலில் உடுத்தியிருந்த துணிகளையே வெட்டி ஒரு கில்ட் தைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்துக்கொள்ள வேண்டுமென்பது அம்மாதின் எண்ணம் என்று மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002-இல் நியூயார்க் விட்னி காட்சிச் சாலையில் தொங்கின. பெரிய பெரிய சித்திரக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஆகவே, தாயார் புடவையை வெட்டுவது பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டுகிற கைக்கு இழை தெரிய வேண்டும், சாயம் தெரிய வேண்டும், கால் அங்குலம் தெரிய வேண்டும். அதையெல்லாம் தலையணை உறையில் கற்றுக்கொள்ளலாம். தலையணை உறை கெட்டால் இன்னொன்று கிடைக்கும்.

பத்திரமாக வைத்திருப்பதைப் பற்றிச் சத்துவாச்சாரிக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வேலூர்க் கோட்டையின் ஜலகண்டேசுவரரை நெடுங்காலம் தம்மிடத்தில் வைத்திருந்து, 1981-இல் மீண்டும் கோட்டைக்குள் எழுந்தருளச் செய்த ஊரல்லவா அது! புடவைகள் இன்னும் நாலைந்து மாதம் காத்திருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. முதல் திண்டு உறையைத் தைத்து, துவைத்து, அது கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தபின் பெட்டியைத் திறக்கலாம். அப்போதும் நாலையும் எடுக்க வேண்டாம். மிகவும் நைந்த ஒன்றை மாத்திரம் எடுத்து, அதிலும் முந்தானையை முழுதாக நிறுத்திக்கொண்டு, உடலில் வெட்டுங்கள்.

இதற்கிடையில் ஒரு காரியம் செய்யலாம். நாலு புடவைகளையும் வெளியே எடுத்து, வெயிலில் அல்ல, நிழலில் ஒரு பகல் ஆறவிட்டு, பழைய மடிப்பை மாற்றி வேறு மடிப்பாக மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் துணி அந்தக் கோட்டிலேயே கிழியும்.