மூடத்தனத்துக்கு எத்தனை பெயர்!

ஆங்கிலம் கற்கத் தொடங்கிய பிள்ளை பிறரை ஏசுவதற்கென முதன்முதற் பிடித்துக்கொள்ளுஞ் சொற்களுள் ஒன்று 'சில்லி'. பொருளற்ற பேச்சையும் செயலையும் அச்சொல்லாற் சுட்டுகிறோம். பழைய ஆங்கிலத்திலோ அதன் பொருள் 'பேறு பெற்றவன்' என்பது. இறையருள் பெற்றவனைக் குறித்த சொல், பின்னர்க் கள்ளங் கபடமற்றவனைக் குறித்தது. கள்ளமற்றவன் உலகில் எளிதில் ஏமாறுவான் ஆதலின், இரங்கத்தக்கவனையும் வலியற்றவனையும் குறித்தது. ஈற்றில், 16ஆம் நூற்றாண்டளவில், அறிவற்றவனுக்கு உரியதாயிற்று.

டென்மார்க் தேசத்தவரின் டேனிஷ் மொழியில் இதே வேரினின்றும் வந்த 'சாலி' என்னுஞ் சொல் உண்டு. அது இவ்வாறு வீழ்ச்சியடையவில்லை. பேரின்ப நிலையில் உள்ளோரை இன்றும் குறிக்கும். இறந்தவரின் பெயருக்கு முன் நாம் 'அமரர்' என்று சேர்ப்பதுபோல அதனைச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. ஒரு தாய் வயிற்றுச் சகோதரியர் இருவருள் ஒருத்தி கோயில் வாசலிலும் மற்றவள் ஏச்சுப் பேச்சிலும் குடியேறிவிட்டனர்!

நம் மொழியும் இதற்கு விலக்கன்று. 'பேதை' என்பது அறிவிலிக்கும் பெயர். ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள சிறுமிக்கும் பெயர். 'மடம்' என்பது அறியாமை. அதனையே பெண்ணின் நாற்குணங்களுள் ஒன்றாக எண்ணினர் முன்னோர். அறியாமையைப் பெண்ணுக்கு அணிகலனாக்கியது எனக்கு உடன்பாடன்று. எனினும் அது வேறொரு கிழமைக்கு உரிய வழக்கு.

உள்ளத்தை உறுத்துவது இன்னொரு சொல். ஆங்கிலத்தில் 'டம்' என்று ஒலிப்பது ஆதியில் வாய் பேசமாட்டாதவரையே குறித்தது. டேனிஷ் மொழியில் அதன் உடன்பிறப்பாகிய 'டொம்' என்பதற்கு 'அறிவற்ற' என்பதே பொருள். பேசமாட்டாமையைக் குறிக்க 'ஸ்டொம்' என வேறொரு சொல்லை வைத்துக்கொண்டனர். பேச்சில்லாதவனுக்கு எண்ணமும் இல்லையென்று யாரோ எக்காலத்திலோ முடிவுகட்டிவிட்டனர். ஆங்கிலத்துக்கும் டேனிஷுக்கும் பொதுவாக இலத்தீனிலிருந்து வந்த 'அப்சேர்ட்' என்பதும், முதலிற் சுருதி பிசகிய ஓசையைக் குறித்து, பின் பகுத்தறிவோடு பொருந்தாததைக் குறித்த சொல்லாம். அதனுள்ளே செவிடு என்று பொருள்படும் இலத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது.

இவை வெறும் அகராதிச் செய்திகள் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. வினா எழுப்பியவுடன் எழுந்து வாய் திறவாது நிற்கும் மாணவன் ஒருவன் எந்த வகுப்பிலும் இருப்பான். முதலாந் தவணை முடியுமுன்னரே அவனுக்கு 'மொக்கு' என்ற பட்டம் கிடைத்துவிடும். காது மந்தமான பிள்ளைகள், ஆசிரியர் சொல்வது கேளாமையினாலேயே மறுமொழி சொல்லாது, பின்வாங்கில் இருந்து ஆண்டுக்கணக்காக இப்பட்டத்தைச் சுமந்ததை நான் அறிவேன். செவியைச் சோதிக்குமுன் அறிவைச் சோதித்து முடித்துவிடுகிறோம்.

மந்த புத்தியுள்ள மாணவனை ஆங்கிலேயர் 'டன்ஸ்' என்பர். இப்பெயர் யாருடையது தெரியுமா? 1308இல் இறந்த ஸ்கொட்லாந்துத் தத்துவ அறிஞர் ஜோன் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்பவருடையது. நுண்மாண் நுழைபுலத்துக்குப் பெயர்போனவர் அவர். 16ஆம் நூற்றாண்டிலே புதிய கல்வி வந்தபோது அவர் வழிவந்தோர் பழைய முறையை விடாது வாதாடினர். எதிரணியினர் அவர்களை 'டன்ஸ்' என்று எள்ளி நகையாடினர். எள்ளல் நிலைத்தது, அறிஞரின் நுட்பம் மறந்துபோயிற்று. 1993இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் அவரைப் 'பேறு பெற்றவர்' என அறிவித்தார். 'சில்லி' என்பதன் பழம்பொருளும் இதுவன்றோ!

எல்லாச் சொல்லும் இத்துணைக் கடுமையானதன்று. டேனிஷ்காரரின் 'ஸ்லுடர்' என்பது பிதற்றலையும் குறிக்கும். நண்பரோடு கூடியிருந்து பேசும் இனிய வம்பையும் குறிக்கும். யாழ்ப்பாணத்து 'அலட்டுதல்' நினைவுக்கு வருகிறதல்லவா?

கற்றவனின் மூடத்தனத்துக்கு மட்டும் தனிச்சொல் போதாது. நாடகமே வேண்டும் என்று கருதினார்போலும் லுட்விக் ஹோல்பேர்க். டேனிஷ் நகைச்சுவை நாடகத்தின் தந்தையெனத்தகும் அவரது 'எராஸ்மஸ் மொன்டானஸ்' 1731இல் அச்சேறியது. ராஸ்முஸ் பேர்க் என்னும் குடியானவன் மகன் கொப்பன்ஹேகனிற் படித்துவிட்டு ஊர் திரும்புகிறான். 'பேர்க்' என்றால் மலை. அதனை இலத்தீனாக்கி 'மொன்டானஸ்' ஆகிவிட்டான். வந்ததும் தாய்க்குத் தருக்கம் கற்பிக்கிறான்: கல் பறக்கமாட்டாது, அம்மாவும் பறக்கமாட்டாள், ஆகவே அம்மா ஒரு கல். பாவம், அத்தாய் தன் கால்கள் குளிர்ந்துவருவதாக உணர்ந்து அழுகிறாள். உடனே மகன் வேறொரு நியாயம் காட்டுகிறான்: கல் பேசாது, எண்ணாது, அம்மா பேசுகிறாள், எண்ணுகிறாள், ஆகவே கல்லல்லள். அவள் ஊமையாய் இருந்திருப்பின் என்செய்வாளோ!

ஆனால், பூமி உருண்டை என்று ஊரிற் சொல்பவனும் அவனே. அது மெய். ஊர் கொதித்தெழுகிறது. மாமனாராக வரவேண்டியவர், பூமி தட்டையென ஒப்பினாலன்றி மகளைத் தரமாட்டேன் என்கிறார். தேவாலயப் பணியாளன் ஒருவன் இலத்தீன் இலக்கணத் துணுக்குகளைப் பொருத்தமின்றி அடுக்கி அவனோடு வாதிடுகிறான். பொருள் விளங்காத ஊரார் அவனே வென்றான் என்று ஆரவாரிக்கின்றனர். பின் ஒரு படைத் தலைவன், பந்தயக் காசென்று ஒரு நாணயத்தைக் கையிற் கொடுத்து, படையிற் சேரக் காசு வாங்கினாய் என்று மடக்கிப் பிடிக்கிறான். பயிற்சியும் அடியும் தாங்கமாட்டாது, பூமி அடைபோலத் தட்டையானது என்று எராஸ்மஸ் ஓலமிடுகிறான்.

உயர்வகுப்பு மாணவர் இந்நாடகத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்கலாம். கல்லூரி மேடைக்குத் தமிழாக்குவதும் கடினமன்று. கல்லாகிப்போகும் தாயாக நடிக்கத்தக்க ஒருவரைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடாயிருக்கும்.