நாற்பதைக் கடந்தவரின் முதல் விளையாட்டு நிரல்: பாடநெறியை எதை வைத்துத் தேர்வது?

கணினி விளையாட்டை உருவாக்கக் கற்க வேண்டும் என்ற ஆசை நாற்பது வயதுக்கு மேல் எழுகிறபோது, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் முதல் கேள்வி பெரும்பாலும் கடையில் பொருள் வாங்கப் போகிறவரின் கேள்வியாகவே இருக்கிறது. எந்த மென்பொருள் உசத்தி, எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு, எதில் காணொளி நேரம் அதிகம் என்று விசாரித்துக்கொண்டே போகிறவர், விளம்பரம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே போய்ச் சேர்கிறார். பாம்பனில் வசிக்கும் ஒருவருக்கு இந்தத் தடுமாற்றம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஏனெனில், தொழிலையும் குடும்பத்தையும் விட்டுவிட்டுச் சென்னையிலோ மதுரையிலோ தங்கிப் படிக்க இயலாத வயதில் இணையமே அவருக்கு வகுப்பறையாகிறது, அந்த வகுப்பறையில் பொருந்தாத பாடத்தைத் தொடங்கிவிட்டால் அதைக் கவனித்துச் சொல்ல ஆசிரியர் எவரும் எதிரில் இருப்பதில்லை. வயது கடந்த தொடக்கநிலையாளர் தம் முதல் பாடநெறியை அளக்க ஒரே ஒரு கோல் போதும்: அது எவ்வளவு விரைவில் அவரை வெற்றுத் திரையின் முன் தனியே உட்கார வைத்து, எவ்வளவு சிறியதாயினும் ஒரு விளையாட்டை அவர் கையாலேயே முடிக்கச் செய்கிறது என்பதுதான் அது.

இதற்கு உலகறிந்த சான்று ஜப்பானில் உண்டு. வங்கி ஊழியராக இருந்து ஓய்வுபெற்ற மசாகோ வகாமியா, ஓய்வுபெறும் தறுவாயில்தான் கணினியைத் தொட்டார். 2017ஆம் ஆண்டில், தம் 81ஆம் வயதில், 'ஹினாதான்' என்ற ஐபோன் விளையாட்டை வெளியிட்டார். அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் உலகளாவிய உருவாக்குநர் மாநாட்டுக்கு அவரை அழைத்தது. மார்ச் 3 அன்று அந்நாட்டில் கொண்டாடப்படும் பெண்குழந்தைகள் திருநாளுக்காக, நம் நவராத்திரிக் கொலுவைப் போலப் படிகளில் வைக்கப்படும் பொம்மைகளில் 12ஐ அவையவற்றுக்குரிய இடத்தில் சரியாக வைப்பதே அந்த ஆட்டம். விரல் வேகத்தை நம்பியிருக்கும் கைபேசி விளையாட்டுகளில் முதியவர்கள் இளையவர்களிடம் தோற்றுக்கொண்டே இருப்பதைக் கண்டவர், முதியவர் வெல்லக்கூடிய ஆட்டம் ஒன்று வேண்டும் என்று எண்ணியதிலிருந்து அது பிறந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது முதலில் முடிவாகி, அதற்கு எவ்வளவு படிக்க வேண்டும் என்பது அதன் பின்னரே முடிவானது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஸ்விப்ட் என்ற நிரல்மொழி முழுவதையும் கரைத்துக் குடிக்க அவர் முற்படவில்லை, தம் ஆட்டத்துக்கு வேண்டிய அளவை இளைஞர் ஒருவரிடம் இணையவழியே கேட்டுக் கற்றுக்கொண்டார்.

வகாமியா போன வழிக்குக் கல்வியியலிலும் உளவியலிலும் ஆதாரம் இருக்கிறது. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இரு வகையாகப் பிரித்தார்: முன்பின் அறியாத புதிரை அந்தக் கணத்திலேயே விடுவிக்கும் விரைவு ஒரு வகை, வாழ்க்கையில் பட்டும் படித்தும் சேர்ந்த அறிவைக் கையாளும் திறம் மற்றொரு வகை; முன்னது வயதோடு தளர்கிறது, பின்னது நெடுங்காலம் நிலைத்து நிற்கிறது. பெரியவர்களின் கல்வியை ஆராய்ந்த அமெரிக்கரான மால்கம் நோல்ஸ், பாடப்பொருளை அத்தியாயம் அத்தியாயமாக விழுங்குவதைவிடத் தம் முன் நிற்கும் ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்காகக் கற்பதே அவர்களுக்கு இயல்பு என்று வாதிட்டார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பதினெட்டு வயது மாணவருக்கென வகுத்த பாடநெறியை ஐம்பது வயதுக்காரர் அப்படியே எடுத்துக்கொள்வது, தம்மிடம் குறைவாக உள்ளதைச் செலவழித்து மிகுதியாக உள்ளதைப் பூட்டி வைப்பதாகவே முடியும்.

பாம்பன்காரரிடம் மிகுதியாக உள்ள அத்தகைய அறிவுக்கு ரயில் பாலமே கைக்கெட்டும் எடுத்துக்காட்டு. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுவிலிருந்த இரு தூக்குகளையும் ஊழியர்கள் கைவிசையால் திறந்து கப்பலுக்கு வழிவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகி ரயில் நின்றுவிடும் என்பது இவ்வூரில் சிறுவர்களும் அறிந்த செய்தி. இந்த ஒரு விதியை நிரலாக எழுதப் பழகுகிறவர், விளையாட்டு நிரலாக்கத்தின் அடித்தளத்தில் பெரும்பகுதியைத் தொட்டுவிடுகிறார். காற்றின் வேகம் ஓர் எண், அது மாறிக்கொண்டே இருப்பது. அத்தகைய எண்ணைப் பெயரிட்டு நினைவில் வைத்திருக்கும் இடத்துக்கு மாறி என்று பெயர். '58ஐத் தாண்டினால் சிவப்பு, இல்லையேல் பச்சை' என்பது நிபந்தனை. தூக்கு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, ரயில் மண்டபம் ஊர்ப் பக்கம் நிற்கிறதா பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கிறதா என்பவை நிலைகள். இவை அனைத்தையும் கணினி நொடிக்கு அறுபது முறை திரும்பத் திரும்பச் சரிபார்த்துப் படத்தைப் புதிதாக வரைவதே ஆட்டச் சுழற்சி எனப்படுவது. ரயிலுக்கு ஒரு செவ்வகம், தூக்குக்கு ஒரு செவ்வகம், கப்பலுக்கு ஒரு முக்கோணம், அம்புக்குறி விசைகள் இரண்டு, திரையின் மூலையில் ஒரு காற்று எண் என்பதற்கு மேல் இந்த ஆட்டத்துக்கு எதுவும் தேவையில்லை. படம் வரையத் தெரியாது என்ற அச்சத்துக்கும் இங்கே இடமில்லை.

இந்தப் பாலத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு பாடநெறிகளைப் பார்க்கும்போது அவற்றின் தராதரம் வேறாகத் தெரிகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 வரிசையில் 2018இல் வெளியான விளையாட்டு உருவாக்கப் பாடநெறியை எடுத்துக்கொள்ளலாம். இரு மட்டைகளும் ஒரு பந்தும் மட்டுமே உள்ள 'பாங்' ஆட்டத்தில் தொடங்கி, 'பிளாப்பி பேர்ட்', 'பிரேக்அவுட்', 'மாரியோ', 'ஆங்கிரி பேர்ட்ஸ்' என ஒவ்வோர் ஆட்டத்தையும் பிரித்து ஆராய்ந்து, பிற்பகுதியில் முப்பரிமாணத்துக்குப் போகும் அதன் வரிசைமுறை போற்றத்தக்கது, கட்டணமும் கிடையாது. ஆனால், நிரலாக்கத்தில் முன்பயிற்சி உடையவர்களுக்கெனத் திட்டமிடப்பட்ட அது, எழுதி முடித்த நிரலை விளக்கிவிட்டு அதில் மாற்றங்கள் செய்யச் சொல்லும் முறையைக் கையாள்கிறது. நிரல்மொழியே அறியாத ஒருவர் அதை முதல் பாடமாக எடுத்தால் மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுவார், குற்றத்தையும் தம் வயதின் மேல் போட்டுக்கொள்வார். அதற்கு மாறாக, ரோபர் ஐஐடியின் பேராசிரியர் சுதர்சன் ஐயங்கார் நடத்தும் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்' என்ற 12 வாரப் பைத்தான் பாடநெறி பெயரளவில் விளையாட்டுப் பாடநெறியே அல்ல. என்றாலும் பரமபதம் போன்ற எளிய ஆட்டங்களின் வழியே நிரலாக்கத்தை அறிமுகப்படுத்தும் அது, நடுவண் அரசின் ஸ்வயம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும். முதற்படிக்கு இதுவே ஏற்றது என்பதில் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த படியில்தான் விளையாட்டு இயந்திரம் என்ற சொல் எதிர்ப்படுகிறது. படத்தைத் திரையில் காட்டுதல், மோதலைக் கண்டறிதல், ஒலியெழுப்புதல் போன்ற எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான வேலைகளை ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் மென்பொருள் தொகுப்பே விளையாட்டு இயந்திரம். இவற்றுள் அன்ரியல் பெருநிறுவனங்களின் முப்பரிமாண ஆட்டங்களுக்குப் பேர்போனது. அதை நிறுவுவதற்கே பல பத்து ஜிபி இடம் வேண்டும் என்பதால், நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று அளந்து கிடைக்கும் கைபேசி இணையத்தைப் பகிர்ந்து பழைய மடிக்கணினியில் படிப்பவருக்கு அது ஆகாது. யூனிட்டிக்குப் பாடங்கள் ஏராளம். ஆனால் 2023 செப்டம்பரில் ஆட்டம் நிறுவப்படும் எண்ணிக்கையைக் கொண்டு கட்டணம் விதிக்கப் போவதாக அந்நிறுவனம் அறிவித்து, உருவாக்குநர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டதிலிருந்து, விதிகளை நாளை யார் மாற்றுவார்கள் என்ற ஐயம் பலரிடம் தங்கிவிட்டது. அர்ஜென்டினாவில் தோன்றி 2014இல் திறந்தமூலமாக, அதாவது எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ளதாக, வெளியிடப்பட்ட கோடோ, சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கி எளிய கணினியிலும் ஓடுகிறது. அதன் நிரல்மொழி பைத்தானை ஒத்திருப்பதால் முதற்படியில் கற்றதும் வீணாவதில்லை.

கோடோவைத் தேர்ந்தாலும் பாடநெறி வெளியான ஆண்டைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில் பல கூறுகளின் பெயர்களே மாறிவிட்டன. நடமாடும் பாத்திரத்துக்கான அடிப்படைக் கூறு மூன்றாம் பதிப்பில் 'கைனமேட்டிக்பாடி2டி' என்றிருந்தது, நான்காம் பதிப்பில் 'கேரக்டர்பாடி2டி' ஆகிவிட்டது. பழைய காணொளியைப் பார்த்துக்கொண்டே புதிய பதிப்பில் தட்டுகிற இளைஞர் பெயர் காணாமற்போனால் நாலு இடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார். பெரியவரோ தமக்குத்தான் பிடிபடவில்லை என்று கணினியை மூடி வைக்கிறார். தமிழருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு: எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து உருமாறும் மொழிகளைச் சரியாகத் திரையில் காட்டும் வசதி நான்காம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் கொம்பும் காலும் இடம்மாறி நின்ற தமிழை வைத்துக்கொண்டு பாம்பன் மக்களுக்கென ஆட்டம் செய்வது நடக்கிற காரியமாக இருக்கவில்லை.

பாடம் எம்மொழியில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம் தேவையில்லை. தமிழில் நிரலாக்கத்தை விளக்கும் கட்டுரைகளையும் மின்னூல்களையும் கணியம் குழுவினர் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறார்கள். கருத்தைத் தமிழில் பிடித்துக்கொண்டு, கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் பழகுவது பெரியவர்க்கு எளிய வழி. தமிழிலேயே கட்டளைகளை எழுத உதவும் 'எழில்' என்ற நிரல்மொழியும் உண்டு, அது மதிப்புக்குரிய முயற்சி. ஆயினும் விளையாட்டு இயந்திரங்களோடு அதற்குத் தொடர்பில்லாததால் இந்த நோக்கத்துக்கு அது உதவாது.

மீன்பிடி ஊரான பாம்பனில் படிப்பவரின் காலத்தையும் பணத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைக் கற்பதற்கு வாய்த்த விடுமுறையாக வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணக்கூடும். கரையில் ஏற்றிய படகுக்கு மராமத்தும் வண்ணமும், வலைக்குப் பழுதுபார்ப்பும், வெளியூர்க் கூலி வேலையும் நிரம்பிய அந்நாட்களை விடுமுறை என்பது பொருந்தாது. நாட்டுப்படகுக்காரருக்கு அந்தத் தடையும் இல்லை. 12 வாரப் பாடநெறி 84 நாள் கேட்கிறது என்பதையும் கணக்கில் கொண்டால், வாரக்கெடு வைத்து விரட்டும் பாடநெறியைவிட, விட்ட இடத்திலிருந்து தொடர இடம்தருவதே இக்கரைக்கு ஏற்றது. தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்குக் கிடைக்கும் 8,000 ரூபாயையும், பெருநகரப் பயிற்சி நிலையங்கள் வேலை உறுதி என்று சொல்லிக் கேட்கும் தொகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

வேலை உறுதி என்ற அந்தச் சொல்லைத்தான் மிகுந்த எச்சரிக்கையோடு கேட்க வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரி என்ற ஒரே மாதத்தில் மைக்ரோசாப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், யூனிட்டி தன் ஊழியரில் 1,800 பேரையும் வெளியேற்றுவதாக அறிவித்தன. அனுபவமிக்கவர்கள் வரிசையில் நிற்கும் துறையில், ஐம்பது வயதுப் புதியவருக்கு ஓராண்டுப் பட்டயம் நாற்காலி போட்டுத் தரும் என்று நம்ப இடமில்லை. அரசின் கவனமும் இளையோர் மேல்தான்: தமிழ்நாட்டின் 'நான் முதல்வன்' பயிற்சித் திட்டம் மாணவருக்கும் இளைஞருக்குமானது, மும்பையில் அமைந்துள்ள இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனமும் துறைக்கு வேண்டிய ஆட்களை உருவாக்கும் நோக்குடையது. எனவே வருமானம் என்ற பேச்சை முதல் பாடநெறியிலிருந்து பிரித்துவிடுவதே நேர்மை. அதற்காகச் சிறிய ஆட்டம் சிறுமையானது என்று கொள்ள வேண்டியதில்லை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்டு டொராண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023இல் வெளியிட்ட 'வெண்பா', எழுத்தழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி அவிப்பதையே புதிராக்கியது. ஓரிரு மணிநேரத்தில் ஆடி முடித்துவிடக்கூடிய அதற்கு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது. பயிற்சி பெற்றவர்கள் பல ஆண்டு உழைத்தது அது என்பதால் முதல் முயற்சிக்கு அளவுகோல் ஆகாது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வேலையே ஆட்டத்துக்குப் போதிய பொருள் என்பதற்கு மட்டும் சான்றாகும்.

முதற்படிப் பைத்தான் பாடநெறியில் ஏறக்குறைய பாதியைக் கடந்ததும் காணொளிகளை நிறுத்திவிட்டு, ரயில் பாலத்து ஆட்டத்தைத் தாளில் வரைந்து, தாயக்கட்டையை உருட்டிக் காற்றின் வேகத்தைத் தீர்மானித்து, இன்னொருவரோடு ஆடிப் பார்ப்பது நல்லது. தாளில் அலுப்பூட்டும் ஆட்டம் திரையிலும் அலுப்பூட்டும். அதன்பின் அதையே கோடோவில் எழுதி, பாடநெறியில் அடுத்துள்ளதைப் பார்ப்பதற்கு முன் பாம்பனிலேயே மூவரிடம் கொடுத்து ஆடச் சொல்லலாம். அவர்களுள் ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்தவராக இருந்தால், ரயில் பாலத்தின் நடுவே போய்க்கொண்டிருக்கும்போது காற்று அறுபதைத் தொட்டால் இந்த ஆட்டம் என்ன செய்யும் என்று நிச்சயம் கேட்பார். அந்தக் கேள்விக்கு நிரலில் விடை எழுத முடியாமல் திணறும் இடம் எதுவோ, அதைக் கற்பிக்கும் பாடநெறியே இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது.